தேரர் சொன்ன அண்டமும் நான் சொன்ன அண்டமும்

கோப்பாய் வாசிகசாலையில் அன்று எழுந்ததைப் போன்ற ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஓட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின. முன்வரிசையில் ஒருவர் "அரோகரா!" என்று சத்தமிட, பின்னால் இருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேடையில் மூன்று பேர் இருந்தோம். நடுவில் சீவரம் உடுத்த ஒரு சிங்களத் தேரர். வலப்பக்கம் கூட்டத் தலைவர் சட்டம்பியார். இடப்பக்கம் நான். தேரர் சிங்களத்தில் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

பௌத்த பிக்கு ஒருவரின் பேச்சுக்குக் கோப்பாய்ச் சைவர்கள் அரோகரா சொன்னது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். தேரரும் அதைத்தான் கேட்டார். என் பக்கம் சாய்ந்து, "நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்?" என்றார்.

"உங்கள் பேச்சு அவர்களுக்குப் பிடித்துவிட்டது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. சின்னப் பிள்ளைக்குக் கற்கண்டு கொடுத்தது போல. அந்த மலர்ச்சியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நனைந்த பெட்டி

அநுராதபுரம் ஸ்டேசனில் நான் சாமான் கிளாக்கராக இருந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதை வாசித்த அன்பர் ஒருவர், "அத்தனை வருடம் அங்கே இருந்தும் ஒரு பிக்குவோடாவது பழகவில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பழகினேன் ஐயா. ஒருவரோடு பழகினேன். அந்த ஒருவராலேயே நான் பட்ட பாடு போதும்.

யுத்தத்துக்கு முந்தின காலம். ஒரு மாரியில் கொழும்பிலிருந்து வந்த பெட்டி ஒன்று வழியிலேயே நனைந்து, அடி கழன்று வந்து சேர்ந்தது. உள்ளே முழுக்கப் புத்தகம். மேலிடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் நல்ல வெயில். பிளாட்பாரத்தில் சாக்கை விரித்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, தாள் தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்கு உரியவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், இருபத்தெட்டு, முப்பது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டியிருந்தது. பிளாட்பாரத்தைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் மறு அந்தத்தில் குந்தி, அவரும் தாள் புரட்டத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்தில் நாங்கள் நடுவில் சந்தித்தோம்.

அதன் பிறகு பகல் ரயில் போனபின் என் அறைக்கு வந்து உட்காருவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அண்டத்தில் போய் முடியும். பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எனக்கு உலகத்தையே வரைந்து காட்டினார். நடுவில் மேருமலை. அதைச் சுற்றி ஏழு மலை வளையம், இடையிடையே கடல். வெளிக்கடலில் நாலு திக்கிலும் நாலு கண்டம். எல்லாவற்றுக்கும் வெளியே வேலி போல ஒரு மலைச்சுவர்.

"இதில் அநுராதபுரம் எங்கே?" என்று கேட்டேன்.

"தென் கண்டத்தில் ஒரு தூசு."

"யாழ்ப்பாணம்?"

"அந்தத் தூசில் ஒட்டியிருக்கிற தூசு" என்றார்.

பிறகு அந்தச் சீட்டை மடித்து, "இது ஒரு உலகம்தான். இதுபோல ஆயிரம், அந்த ஆயிரத்தைப் போல இன்னும் ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சூரியன், தனித்தனிச் சந்திரன்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் பயமுறுத்தல் ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனை கிணறு என்று சொல்பவரைப் போலச் சொன்னார்.

எனக்கு யாழ்ப்பாணம் மாற்றம் கிடைத்தபோது, "நயினாதீவு விகாரைக்கு ஒருநாள் கும்பிட வருவேன், உன்னையும் பார்ப்பேன்" என்றார். வந்தார். பட்டினத்தில் ஒரு சிங்கள பேக்கரிக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்.

வந்த நேரம்தான் பிழையாய்ப்போயிற்று.

சட்டம்பியாரின் நிபந்தனை

அப்போது எனக்குக் கோப்பாயில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இணுவில். பெண் கோப்பாய். நடுவில் நின்று பேசியது திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. அவள் வீட்டில் தையல் பழக வந்த பெண்தான் பாக்கியம்.

பாக்கியத்தின் தகப்பனார் ஓய்வுபெற்ற தமிழ் உபாத்தியாயர். அந்தக் காலத்து வழக்கப்படி ஊரில் அவர் சட்டம்பியார். நெற்றியில் மூன்று குறி அழியாத மனுஷன். புராணப்படிப்பில் பொருள் சொன்னால் மூன்று ஊர்ச் சனம் கூடும். மனைவி இறந்து பதினெட்டு வருடம். பாக்கியத்துக்கு அப்போது நாலு வயது. மனுஷன் மறுகலியாணம் செய்யவில்லை.

எனக்குச் சிங்களத் தேரர் ஒருவர் சிநேகிதர் என்று அக்கா பெருமைக்குச் சொல்லிவிட்டாள். சட்டம்பியார் அதைப் பிடித்துக்கொண்டார். வாசிகசாலையின் ஆண்டுக் கூட்டத்துக்கு வழக்கமான பேச்சாளரே வந்து சனத்துக்கு அலுத்துப்போயிருந்தது.

"தம்பி, உம்மடை தேரரை ஒருக்காக் கூட்டிவாருமன். இந்த அண்டத்தைப் பற்றிப் பௌத்தம் என்ன சொல்லுதெண்டு கேப்பம். நீர் தமிழிலை சொல்லும்."

"ஓம் ஐயா."

"ஆனா ஒண்டு. எங்கடை சமயத்துக்கு மாறாய் ஒரு சொல்லு வரக்கூடாது, கண்டீரோ? சனம் ஒரு மாதிரி."

அதற்கும் "ஓம் ஐயா" என்றேன். பெண் கொடுக்கப்போகிறவருக்கு வேறென்ன சொல்வது?

ஏழு சூரியன்

ஒரு ஞாயிறு பின்னேரம், நாலு மணிக்குக் கூட்டம். தேரரை ஒரு திருக்கல் வண்டியில் கூட்டிவந்தேன். வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். வடையும் மோதகமும் ஒரு தட்டத்தில் வந்தன. மத்தியானம் திரும்பினால் தேரர் சாப்பிட மாட்டார் என்பதைச் சொல்ல நான் மறந்துபோனேன். அவர் வேண்டாம் என்று கையசைக்க, "எங்கடை கையாலை தின்னமாட்டாரோ?" என்று ஒரு குரல் எழுந்தது. வேலுப்பிள்ளை. புகையிலைத் தோட்டக்காரர். எந்தக் கூட்டமானாலும் குறுக்கே பேசாமல் வீடு போகாத ஆள். விஷயத்தை விளக்கி ஆளை இருத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பேச்சு தொடங்கியது. முதல் அரை மணித்தியாலம் நல்ல காற்றில் ஓடம் விட்டதுபோலப் போனது. மேருமலையின் தென்பக்கம் நீலமணி, அதன் ஒளி பட்டுத்தான் எங்கள் வானம் நீலமாக இருக்கிறது என்று தேரர் சொன்னார். நான் சொன்னேன். பின்னால் பாயில் இருந்த பெண்கள் பக்கத்தில் "ஆ" என்று ஒரு சத்தம். ஆயிரம் ஆயிரம் உலகம் என்றபோது சட்டம்பியார் தலையாட்டி, "எங்கடை புராணத்திலும் ஆயிரத்தெட்டு அண்டம் இருக்கு" என்றார். சபைக்குத் திருப்தி.

கற்பம் என்கிற காலம் எவ்வளவு நீளம் என்பதற்குத் தேரர் ஊருக்கேற்ற உவமை சொன்னார். நூறு வருடத்துக்கு ஒருமுறை ஒருவன் வந்து கடலிலிருந்து ஒரு சிரட்டை தண்ணீர் அள்ளிக்கொண்டு போகிறான். கடல் வற்றிப்போகும், கற்பம் முடிந்திருக்காது.

"எங்கடை உப்பாறு வருசாவருசம் தன்பாட்டிலை வத்துது, அதுக்கு என்ன கணக்கு?" என்றார் வேலுப்பிள்ளை.

சபை சிரித்தது. நான் மொழிபெயர்த்ததும் தேரர் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

பிறகு உலகம் அழிகிற கதை. மழை நின்றுபோகும். இரண்டாவது சூரியன் தோன்றும். இரவு இல்லாமல் போகும். மூன்றாவதில் ஆறுகள் வற்றும். இப்படியே ஏழாவது சூரியன் வரும்போது மேருமலையே பற்றி எரிந்து சாம்பலும் இல்லாமல் போகும். "ஒரு சூரியனே எங்களுக்குக் காணும்" என்று பெண்கள் பக்கம் யாரோ சொன்னது மேடைக்குக் கேட்டது.

அதுவரை நான் சொல்லுக்குச் சொல் நேர்மையாகத்தான் சொல்லிவந்தேன். அடுத்ததுதான் வில்லங்கம்.

தேரர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்த முறை மாற்றாமல் எழுதுகிறேன்.

"அழிந்த உலகம் மறுபடி உருவாகும்போது, முதலில் மேலுலகத்தில் ஒரு உயிர் தனியே வந்து பிறக்கிறது. நெடுங்காலம் தனிமை. 'யாராவது வரமாட்டார்களா' என்று ஏங்குகிறது. அப்போது தங்கள் தங்கள் வினைப்படி வேறு உயிர்களும் அங்கே வந்து பிறக்கின்றன. முதலில் வந்தது, 'நான் நினைத்தேன், இவர்கள் வந்தார்கள். ஆகவே நான்தான் படைத்தேன்' என்று எண்ணிக்கொள்கிறது. பின்னால் வந்தவை, 'இவர் எங்களுக்கு முன்னமே இருந்தார். ஆகவே இவர்தான் படைத்தவர்' என்று நம்பிவிடுகின்றன. உலகத்தைப் படைத்தவர் ஒருவர் உண்டு என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. உண்மையில் படைத்தவர் என்று யாரும் இல்லை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சபையைப் பார்த்தேன். வேலுப்பிள்ளை முன்னுக்குக் குனிந்து இருந்தார். சட்டம்பியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பாயில், அக்காவுக்குப் பக்கத்தில், ஒரு கத்தரிப்பூச் சேலை.

வாய் தானாகத் திறந்தது.

"உலகம் உண்டானவுடனை பிரமதேவர், 'நானே எல்லாத்தையும் படைச்சேன்' என்று செருக்குக் கொண்டாராம். மற்றவர்களும் அதை நம்பிப்போட்டினமாம். அந்தப் பிரமாவின் செருக்கை அடக்கினது ஆர் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை!"

அதற்குத்தான் அந்த அரோகரா.

முடிவில் சட்டம்பியார் எழுந்து, பௌத்தமும் சைவத்துக்குள் அடக்கம் என்பதைத் தேரர் வாயாலேயே இன்று கேட்டோம் என்று அரை மணித்தியாலம் பேசினார். ரோசாப்பூ மாலை தேரருக்கு. எலுமிச்சம்பழம் எனக்கு. அக்கா வாசல் படலையடியில் வைத்துக் காதுக்குள், "எல்லாம் சரி வந்திட்டுதடா" என்றாள்.

தையல் மெஷின் நின்ற நேரம்

மறுநாள் தேரர் நயினாதீவுக்குப் போனார். நான்கு நாளில் திரும்புவதாகச் சொன்னார். நான் இரண்டாம் நாள் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் பாக்கியம் தையல் மெஷினில் இருந்தாள். அக்கா பக்கத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் பாக்கியம் எழுந்து உள்ளே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மெஷினை நிறுத்தினாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"ஹாமுதுருவோ எஹெம கிவ்வே நேஹே."

சாமி அப்படிச் சொல்லவில்லையே. சுத்தமான சிங்களம். நான் ரயில் ஸ்டேசனில் பொறுக்கின சிங்களம் போல இல்லை, அந்த மண்ணில் முளைத்த சிங்களம்.

என் கால் விறாந்தைப் படியிலேயே நின்றுவிட்டது. "உங்களுக்கு... எப்பிடி?"

அக்காதான் பதில் சொன்னாள். தாய் இறந்த பிறகு பாக்கியத்தை அம்மான் சிங்கள ஊரான குருநாகலுக்குக் கொண்டுபோய் வளர்த்தாராம். அங்கே அவருக்குச் சுருட்டுக்கடை. பதினைந்து வயதில்தான் கோப்பாய்க்குத் திரும்பி வந்தாள். "ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று அக்காவைக் கேட்டேன். "சிங்களம் தெரிஞ்ச பொம்பிளை வேணுமெண்டு நீ கேட்டனியோ?" என்றாள்.

"சாமி சொன்னது எனக்கும் பிடிக்கேல்லைத்தான்" என்றாள் பாக்கியம். "படைச்சவர் இல்லையெண்டு ஆர் சொன்னாலும் நான் கோயிலுக்குப் போறதை விடமாட்டன். அது வேறை. அந்த மனிசன் நம்பி உங்களைப் பாத்துக்கொண்டிருந்தது. நீங்கள் அவரின்ரை வாயிலை உங்கடை கதையை வைச்சுப்போட்டியள்."

"ஐயா சொன்னவர், மாறாய் ஒண்டும் வரப்படாதெண்டு..."

"அப்ப ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே?"

நான் விறாந்தைப் படியில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு நான் ஒண்டு சொல்ல, உங்கடை வீட்டுக்காரருக்குப் பிடிக்காதெண்டு நீங்கள் வேறை மாதிரிச் சொல்லுவியள். நான் சொன்னது எது, சொல்லாதது எது எண்டு எனக்கே தெரியாமல் போயிடும்." அவள் குரல் உயரவில்லை. "சாமியிட்டையும் ஐயாவிட்டையும் உள்ளதைச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு மிச்சத்தைக் கதைப்பம். நான் ஐயாட்டைச் சொல்லமாட்டன். அது உங்கடை வேலை."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அக்கா வெட்டின துணி கோணலாகப் போயிருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு இடத்தில் ஒரே கதை

பேக்கரி வீட்டின் பின்பக்கம் பாண் வெந்த வாசம் அடிக்கும் ஒரு சின்ன அறை. தேரர் தீவில் வெயில் குடித்துக் கறுத்து வந்திருந்தார். கோப்பாய்ச் சனத்தின் அன்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "நான் சொன்னதை அவர்கள் அவ்வளவு பொறுமையாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை" என்றார்.

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். பிரமாவை, செருக்கை, அரோகராவை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது.

"சரியாகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"அடித்திருப்பார்கள்."

"என்னையா?"

"உங்களை அடிக்க மாட்டார்கள். என்னைத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியில் நின்றுபோயிற்று. "என்னோடு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லையே என்று யோசித்தேன்" என்றார் மெதுவாக. "அங்கே இருந்த யாருக்கும் நான் சொன்னது கேட்கவே இல்லை. அப்படியென்றால் நான் வந்து பேசியதாக எப்படிச் சொல்வது?"

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பேக்கரிக்காரர் கொண்டுவந்த தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்தது கோப்பாய். சட்டம்பியார் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் பாடமாக்கிய வசனம் படலையைத் திறந்ததும் மறந்துபோயிற்று. ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அப்ப," என்றார், "பௌத்தம் சைவத்துக்குள்ளை அடக்கம் எண்டு நான் அரை மணித்தியாலம் கதைச்சது?"

"அது... நான் சொன்னதை வைச்சுத்தான் ஐயா."

"நான் ரண்டு பேருக்குக் கடிதமும் எழுதிப் போட்டன்."

பேப்பரை மடியில் இறக்கினார்.

"என்னை ஊருக்கு முன்னாலை விசரனாக்கிப்போட்டீர். கலியாணப் பேச்சை இதோடை விடுவம். போம்."

திரும்பி நடந்தேன். அந்த முற்றம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. படலையில் கை வைத்த நேரம் பின்னால் குரல் வந்தது.

"தம்பி, நில்லும். உந்தச் சாமி உண்மையிலை என்ன சொன்னவர்?"

படலையடியில் நின்றபடியே சொன்னேன். முதலில் வந்த உயிர், பின்னால் வந்தவை, படைத்தவர் இல்லை என்பது வரை. சட்டம்பியார் பேப்பரை மடித்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள்ளே வேறொன்று எழும்பிக்கொண்டிருந்தது. நல்ல வாதம் ஒன்றைக் கண்ட மனுஷனின் பசி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

"அதுக்கு எங்களிட்டை மறுமொழி இருக்கு. திரும்பக் கூட்டிவாரும் அவரை. இங்கை, வீட்டுக்கு."

"ஓம் ஐயா. நான் வந்து..."

"நீர் வாரும். ஆனா வாயைத் திறக்கப்படாது. உம்மை நம்பி இனி ஆர் கேக்கிறது?"

"அப்ப ஆர் தமிழிலை சொல்லுறது?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் சொல்லுறன் ஐயா."

மாமரத்தடியில்

தேரரின் ரயிலுக்கு முதல் நாள், காலை எட்டரை மணி. மாமரத்தின் கீழே தேரருக்கு ஒரு கதிரையில் வண்ணான் வெளுத்த வெள்ளைத் துணி விரித்திருந்தது. எதிரில் சட்டம்பியார். சுற்றிப் பதினைந்து பேர். வேலுப்பிள்ளை இல்லாமல் இருப்பாரா? பாக்கியம் விறாந்தைத் தூணோடு ஒட்டி நின்றாள். பெண்பிள்ளை சபையில் நின்று பேசுவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "வேறை ஆருக்கும் தெரிஞ்சால் வந்து சொல்லுங்கோ" என்றார் சட்டம்பியார். யாரும் வரவில்லை.

தேரர் வாசிகசாலையில் சொன்னதை மறுபடி சொன்னார். பாக்கியம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "படைச்சவர் எண்டு ஒருத்தரும் இல்லை எண்டு சாமி சொல்லுறார்."

வேலுப்பிள்ளை முன்னுக்கு நகர்ந்தார். 

சட்டம்பியார் நிமிர்ந்து இருந்தார். "அப்ப இதுக்கெல்லாம் தொடக்கம் எது?"

"தொடக்கம் காணேலாதாம். மழை கடலுக்குப் போகுது, கடல் மேகமாகுது, மேகம் மழையாகுது. எது முந்தினது எண்டு கேக்கிறார்" என்றாள் பாக்கியம்.

"கிணத்துக்குள்ளை தண்ணி இருக்கு. இறைக்கத் துலா இருக்கு, அள்ளப் பட்டை இருக்கு. மிதிக்கிறதுக்கு ஆள் ஏறாட்டில் ஒரு சொட்டு மேலை வருமோ எண்டு கேள். வினை சடம். தானாய் வந்து ஆளைப் பிடிக்க அதுக்குத் தெரியாது. அதின்ரை பலனை ஊட்டிறதுக்கு ஒருத்தர் வேணும்."

தேரர் குனிந்து கவனமாகக் கேட்டார். "நெருப்பில் கை வைத்தால் சுடுகிறது. சுடு என்று நெருப்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"அந்த நெருப்பைச் சுடுகிறதாய் வைச்சது ஆர்?"

வேலுப்பிள்ளை சட்டம்பியாருக்கு ஒரு அடி, தேரருக்கு ஒரு அடி என்று ஒவ்வொரு மறுமொழிக்கும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு யார் வென்றாலும் சரி. ஒருமுறை பாக்கியம் "கல்பய" என்ற சொல்லில் தடக்குப்பட்டாள். "அதுக்குத் தமிழிலை..." என்று தேடினாள். நான் வாய் திறக்கக்கூடாது என்பதை மறந்து, "ஊழி" என்றேன். சட்டம்பியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாக்கியம் "ஊழி" என்று சொல்லிக் கடந்து போனாள்.

இப்படி இரண்டு மணித்தியாலம். யாரும் தோற்கவில்லை. இருவர் முகத்திலும் நல்ல முழுக்குக் குளித்த களை. முடியப்போகிறது என்று நாங்கள் நினைத்த நேரம் சட்டம்பியார் சால்வையை மடியில் வைத்துத் தடவினார்.

"கடைசியாய் ஒண்டு கேள், பிள்ளை. உன்ரை கொம்மா செத்துப் பதினெட்டு வருசம். இவர் சொல்லுற இந்த அண்டத்திலை அவ இப்ப எங்கை?"

பாக்கியம் தகப்பனைப் பார்த்தாள். பிறகு தேரரிடம் கேட்டாள். குரல் சரியாகத்தான் இருந்தது.

தேரர் மெதுவாக, சின்னச் சின்ன வசனமாகப் பேசினார். எனக்கு ஒவ்வொன்றும் விளங்கியது. எனக்குள்ளே இருந்த பழைய மொழிபெயர்ப்பாளன் அப்போதே வேலை தொடங்கிவிட்டான். தேவலோகத்தில் இருக்கிறா, உங்களைக் காத்துக்கொண்டு இருக்கிறா. இரண்டு வசனம் போதும். அந்த முற்றத்தில் சிங்களம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். யாருக்குத் தெரியப்போகிறது?

பாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அம்மா எங்கை எண்டு தனக்குத் தெரியாதாம். தெரியும் எண்டு சொன்னால் பொய்யாம். முப்பத்தொரு உலகம் இருக்காம். அம்மா செய்த வினைக்கு ஏத்தமாதிரி அதிலை ஒண்டிலை பிறந்திருப்பாவாம். பக்கத்து வீட்டிலையும் பிறந்திருக்கலாமாம்." மூச்சு எடுத்தாள். "ஆனா அது அம்மாதான் எண்டும் சொல்லேலாதாம், அம்மா இல்லை எண்டும் சொல்லேலாதாம். எங்களை அவவுக்கு நினைவு இராதாம். நாங்கள் கண்டாலும் எங்களுக்குத் தெரியாதாம்."

கடைசி வசனத்தில் குரல் உடைந்தது. ஆனால் வசனம் முழுதாக வந்தது.

சட்டம்பியார் மடியிலிருந்த சால்வையை மடித்தார்.

"பதினெட்டு வருசமாய் எல்லாரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னவை" என்றார். "எனக்குத் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அவ சிவனடியிலை இருக்கிறா எண்டுதான் நான் நம்புறன். அதிலை மாத்தம் இல்லை. எண்டாலும் இவரோடை கதைக்கலாம். அதை அவருக்குச் சொல்லு."

அவள் சொன்னாள். தேரர் கண்ணைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார்.

சட்டம்பியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் எண்டால் இதை இப்பிடிச் சொல்லியிருப்பீரோ?"

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லை ஐயா" என்றேன். "நான் மாத்தித்தான் சொல்லியிருப்பன்."

அவர் எழுந்தார். வெயிலை அண்ணாந்து பார்த்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்தவர், நான் அப்படியே நிற்பதைக் கண்டு திரும்பினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? குசினிக்குள்ளை போய்ச் சோத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு வாரும். மத்தியானம் திரும்ப முதல் சாமி சாப்பிட வேணும்."

வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் குசினிக்குள் போகச் சொல்லும் வழக்கம் கோப்பாயிலும் இல்லை, இணுவிலிலும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பாக்கியம் எனக்கு முன்னமே அங்கே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பிலிருந்து சொதிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். பழந்துணி ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வெறுங்கையாலை பிடியாதையுங்கோ" என்றாள். "பானை சுடும்."